போன் இணைப்பை ரத்து செய்ய ஏன் இத்தனை அலைச்சல்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பா இறந்த பிறகு ஊர் வீட்டில் இருந்த லேண்ட்லைனையும் பிராட்பேண்டையும் சரண்டர் செய்ய எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. அம்மாவை என்னோடு அழைத்து வந்துவிட்டேன். பூட்டிக் கிடந்த வீட்டுக்கு மாதாமாதம் பில் வந்துகொண்டே இருந்தது. ஒருவழியாக அது முடிந்த பிறகு சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார், கூட வேலை செய்பவர்கள் என்று பலர் இதைப் பற்றி என்னிடம் கேட்கத் தொடங்கினார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். இதில் சொல்லும் விதிகள் இந்தியாவில் உள்ள இணைப்புகளுக்கானவை.

கஸ்டமர் கேரில் சொல்லிவிட்டேன், "நோட் பண்ணிட்டோம்" என்றார்கள். அது போதாதா?

போதாது. இங்கே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

நான் செய்த தவறும் இதுதான். ஐந்து முறை அழைத்தேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் எடுப்பார். அப்பா இறந்ததிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொல்ல வேண்டும். "24 மணி நேரத்தில் எங்கள் ஆள் கூப்பிடுவார்" என்று முடிப்பார்கள். யாரும் கூப்பிட மாட்டார்கள். நான்காவது பில் வந்ததும் சண்டைக்குப் போனேன். "நீங்கள் ரத்து செய்யக் கேட்டதாக எங்கள் சிஸ்டத்தில் எதுவுமே இல்லையே மேடம்" என்றார் அந்தப் பெண். அவர் பொய் சொல்லவில்லை. அதுவரை பேசிய ஐந்து பேரில் ஒருவர்கூட அதைக் கோரிக்கையாகப் பதியவில்லை.

உங்களிடம் இருக்க வேண்டியவை இரண்டு: ஓர் எண், ஒரு தேதி. புகார்களுக்கென்று உள்ள 198 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைத்தால், நீங்கள் சொல்வதைப் பதிந்து ஒரு புகார் எண் தர வேண்டும் என்பது விதி. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (நாம் ட்ராய் என்று சொல்வது) 2012இல் கொண்டுவந்த குறைதீர்ப்பு விதிமுறைகளில் இது இருக்கிறது. அந்த எண் எஸ்எம்எஸ்ஸில் வரும் வரை போனை வைக்காதீர்கள். வைத்த பிறகு அதே விஷயத்தை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். நேரில் போய்க் கடிதம் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள்.

அந்தத் தேதிதான் பின்னால் உங்களைக் காப்பாற்றும். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு ரூபாய் வாடகைக்கும் பதில் சொல்ல வேண்டியது அவர்கள்.

சேர்வதற்கு ஐந்து நிமிடம்தான் ஆயிற்று. விலகுவதை மட்டும் ஏன் இப்படி வைத்திருக்கிறார்கள்?

புதிய வாடிக்கையாளரைப் பிடிக்கச் செலவு அதிகம், இருப்பவரைத் தக்கவைக்கச் செலவு குறைவு. அதனால் ரத்து என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் அழைப்பு வேறொரு குழுவுக்குப் போகிறது. போகவிடாமல் பேசி நிறுத்துவதுதான் அந்தக் குழுவின் வேலை. எத்தனை பேரை நிறுத்தினார்கள் என்பதை வைத்தே அவர்களின் வேலை அளக்கப்படும். எதிர்முனையில் இருப்பவர் பெரும்பாலும் ஒரு சின்னப் பையனோ பெண்ணோதான், எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறார். அவரைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. நான் திட்டினேன், இப்போதும் அதற்கு வருந்துகிறேன்.

ஆனால் அந்த ஏற்பாட்டை நான் ஏற்கவில்லை. சட்டமும் இப்போது அதைத் தவறு என்றுதான் பார்க்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள் வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்கின்றன. அதில் ஒன்று சந்தா பொறி. ரத்து செய்யும் வழியை மறைத்து வைப்பது, அதை நீட்டிச் சிக்கலாக்குவது, புரியாத மாதிரி எழுதி வைப்பது எல்லாம் அதில் அடங்கும். புகார் எழுதும்போது இந்தச் சொல்லையும் தேதியையும் குறிப்பிடுங்கள்.

ஏன் ரத்து செய்கிறீர்கள் என்று காரணம் கேட்கிறார்களே, சொல்லியாக வேண்டுமா?

வேண்டாம். "எனக்குத் தேவையில்லை" என்பதே முழுக் காரணம். வேறு காரணம் சொன்னால் அதற்கு ஒரு பதில் தயாராக வைத்திருப்பார்கள். விலை அதிகம் என்றால் தள்ளுபடி, வேகம் இல்லை என்றால் வேறு பிளான், வீடு மாறுகிறேன் என்றால் புது வீட்டுக்கு இடமாற்றம். உண்மையிலேயே தள்ளுபடி வேண்டுமென்றால் அது வேறு விஷயம், தாராளமாகக் கேட்டு வாங்குங்கள்.

கேட்டால் எத்தனை நாளில் மூட வேண்டும்?

7 வேலை நாட்களுக்குள். டெபாசிட் கட்டியிருந்தால் மூடிய 45 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். இது 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள ட்ராயின் சேவைத் தர விதிமுறை. முன்பு டெபாசிட்டுக்கு 60 நாள் என்று இருந்தது. கடையில் இன்னும் அந்தப் பழைய கணக்கைச் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

பழைய லேண்ட்லைன்காரர்கள் இதை முக்கியமாகப் பார்க்க வேண்டும். எத்தனையோ வருடம் முன்பு கட்டிய டெபாசிட் அப்படியே கிடக்கும், ரசீது தொலைந்திருக்கும். பில்லிலேயே டெபாசிட் தொகை அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். அப்பாவின் பழைய பில் கட்டு ஒன்றை எடைக்குப் போடாமல் வைத்திருந்ததால்தான் எனக்கு அந்தத் தொகை தெரிந்தது.

கடிதத்தில் என்ன எழுதுவது?

நீட்டி எழுத வேண்டாம். நான் எழுதியது ஏறக்குறைய இப்படி:

"இந்த எண்ணில் உள்ள லேண்ட்லைன் மற்றும் பிராட்பேண்ட் இணைப்பை இன்றைய தேதியிலிருந்து நிரந்தரமாகத் துண்டிக்கக் கோருகிறேன். இன்று வரைக்குமான இறுதி பில்லை அனுப்பவும். இன்றைக்குப் பிறகு எந்தக் கட்டணமும் விதிக்கக் கூடாது. உங்கள் மோடத்தை இத்துடன் ஒப்படைக்கிறேன், அதன் வரிசை எண் இது. டெபாசிட்டை இந்த வங்கிக் கணக்குக்கு அனுப்பவும். துண்டித்ததை எழுத்தில் உறுதி செய்யவும்."

நிரந்தரமாக என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். அது இல்லாததால் ஓர் உறவினரின் இணைப்பைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தோம் என்று சொல்லி, சில மாதம் கழித்துத் திரும்ப பில் போட்டார்கள்.

மோடத்தை வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை. என்ன செய்வது?

வாடகை மோடம் என்றால் நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். அவர்கள் வருவார்கள் என்று காத்திருந்தால், "சாதனம் திரும்பி வரவில்லை, அதனால் கணக்கை மூடவில்லை" என்று அதையே காரணமாக்குவார்கள். கொடுக்கும் முன் அடியில் இருக்கும் வரிசை எண் தெரியும்படி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அடாப்டரையும் சேர்த்துக் கொடுங்கள். ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். காசு கொடுத்து வாங்கிய மோடம் உங்களுடையது, அதைத் தர வேண்டாம்.

இவ்வளவு எதற்கு? பில் கட்டாமல் விட்டால் தானாகவே துண்டித்துவிடுவார்களே!

துண்டிப்பார்கள். ஆனால் அதற்குள் வாடகையும் தாமதக் கட்டணமும் ஏறியிருக்கும். அந்தத் தொகை கலெக்‌ஷன் ஏஜென்சிக்குப் போகும், வக்கீல் நோட்டீஸ் என்ற பெயரில் கடிதம் வரும். போஸ்ட்பெய்டு நிலுவை சிபில் அறிக்கையில் ஏறவும் வாய்ப்பு உண்டு. நாளைக்கு வீட்டுக்கடன் கேட்கும்போது சில நூறு ரூபாய் போன் பில் குறுக்கே நிற்கும். எழுத்தில் கேட்டு, இறுதி பில்லைக் கட்டி, நிலுவை இல்லை என்ற உறுதியை வாங்கிவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

ஆட்டோபே போட்டிருக்கிறேன். அதை நிறுத்தினால் ரத்து ஆகிவிடுமா?

ஆகாது. பணம் போவது நிற்கும், பில் நிற்காது. இரண்டையும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

யுபிஐ ஆட்டோபே என்றால் அந்தச் செயலிக்குள்ளேயே ரத்து செய்யலாம். கார்டில் போட்டிருந்தால், 2021 அக்டோபர் 1 முதல் அமலில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே உங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும், விலகும் வழியும் இருக்க வேண்டும். முதலில் ரத்துக் கடிதம், உடனே ஆட்டோபே நிறுத்தம், இறுதி பில் வந்ததும் நீங்களாகவே கட்டுவது என்று வரிசையாகச் செய்யுங்கள். ஆட்டோபேயை ஓடவிட்டு ரத்துக்காகக் காத்திருந்தால் தவறாக எடுத்த பணத்தைத் திரும்ப வாங்க நீங்கள்தான் அலைய வேண்டும்.

மொபைல் எண் வேண்டும், ஆனால் இந்த நிறுவனம் வேண்டாம். என்ன வழி?

அப்படியானால் ரத்தே கேட்காதீர்கள். ரத்து செய்துவிட்டால் எண்ணும் போய்விடும். போர்ட் செய்யுங்கள். புதிய நிறுவனத்துக்கு எண் மாறியதும் பழைய இணைப்பு தானாக முடிந்துவிடும், போகவிடாமல் பேசும் குழுவிடம் கெஞ்ச வேண்டியதில்லை. எண் மாறாமல் நிறுவனம் மாறும் இந்த வசதி நாடு முழுக்க வந்தது 2011 ஜனவரி 20இல். வாடிக்கையாளர் கையில் கிடைத்த மிக வலுவான உரிமை இதுதான் என்று நினைக்கிறேன்.

போர்ட் என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, உங்கள் பத்து இலக்க எண்ணைச் சேர்த்து 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். எட்டு எழுத்துகளில் ஒரு குறியீடு வரும். தமிழ்நாட்டில் அது நான்கு நாள் செல்லும். அதை எடுத்துக்கொண்டு புதிய நிறுவனத்தின் கடைக்குப் போனால் போதும். ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் (பெரும்பாலும் ஒரு மாநிலம்) என்றால் மூன்று வேலை நாட்கள், வேறு வட்டத்துக்கு என்றால் ஐந்து வேலை நாட்கள்.

குறியீடு வராமல் போவதற்குச் சில காரணங்கள் உண்டு. இப்போதைய நிறுவனத்தில் 90 நாள் முடிந்திருக்க வேண்டும். போஸ்ட்பெய்டு என்றால் கெடு தாண்டிய பில் பாக்கி இருக்கக் கூடாது. சிம்மைப் புதிதாக மாற்றியிருந்தால் 7 நாள் காத்திருக்க வேண்டும், இது 2024 ஜூலை 1 முதல் வந்த மாற்றம். அலுவலகம் கொடுத்த எண் என்றால் அலுவலகத்தின் அனுமதிக் கடிதம் தேவை. கடைசியாக வந்த போஸ்ட்பெய்டு பில்லையும் மறக்காமல் கட்டிவிடுங்கள். போர்ட் ஆன பிறகும் பழைய பாக்கியைக் காட்டி எண்ணை முடக்க வைக்க முடியும்.

எஸ்எம்எஸ் அனுப்பிய அன்று மாலையிலிருந்தே "ஏன் போகிறீர்கள்" என்று அழைப்புகள் வரும். எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

நிறுவனம் பரவாயில்லை, மாத பில்தான் வேண்டாம்.

அதே எண்ணைப் போஸ்ட்பெய்டிலிருந்து ப்ரீபெய்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். 2021 செப்டம்பரில் தொலைத்தொடர்புத் துறை இதை ஓடிபி மூலம் செய்யலாம் என்று எளிதாக்கியது. மறுபடி படிவம், போட்டோ என்று அலைய வேண்டாம். வயதானவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ப்ரீபெய்டில் எதிர்பாராத பில் என்று ஒன்று வராது.

ப்ரீபெய்டு சிம்மை எப்படி ரத்து செய்வது?

ரீசார்ஜ் செய்யாமல் விட்டாலே போதும். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல், கணக்கில் 20 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் இணைப்பை நிறுத்திவிடலாம் என்பது 2013 முதல் இருக்கும் விதி.

ஆனால் இங்கேதான் பெரிய ஆபத்து இருக்கிறது. நீங்கள் விட்ட எண் கொஞ்ச காலம் கழித்து இன்னொருவருக்குப் போகும். நிறுத்திய பிறகு குறைந்தது 90 நாள் வரை வேறு யாருக்கும் தருவதில்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றத்தில் ட்ராய் சொன்னது. அதற்குப் பிறகு உங்கள் வங்கி அனுப்பும் ஓடிபி முன்பின் தெரியாத ஒருவருடைய போனில் போய் விழும். அதனால் எண்ணை விடுவதற்கு முன்பே எல்லா இடத்திலும் மாற்றிவிடுங்கள். வங்கி, ஆதார், பிஎஃப் கணக்கு, ரேஷன் ஸ்மார்ட் கார்டு, கேஸ் சிலிண்டர், கரண்ட் பில், வாட்ஸ்அப், இமெயில். இதில் வங்கியும் ஆதாரும் முதலில். பழைய எண் உயிரோடு இருக்கும்போது இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலை, எண் போன பிறகு கிளைக்கு நேரில் போய் வரிசையில் நிற்கிற வேலையாகிவிடும்.

கேட்காமலே காலர் டியூன் போட்டுப் பணம் பிடிக்கிறார்கள்.

நிறுத்து என்று பொருள்படும் ஸ்டாப் என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டி 155223க்கு அனுப்புங்கள், கட்டணம் கிடையாது. இந்த மாதிரி கூடுதல் சேவைகளை உங்களிடம் இரண்டு முறை சம்மதம் வாங்காமல் தொடங்கக் கூடாது. அப்படிப் பிடித்த பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

ட்ராயிடம் நேராகப் புகார் கொடுக்கலாமா?

பலரும் இதை நம்பி நாளை வீணாக்குகிறார்கள். தனிநபர் புகாரை ட்ராய் விசாரிப்பதில்லை. விதிகளைப் போடுவதும் நிறுவனங்களைக் கண்காணிப்பதும்தான் அதன் வேலை. நீங்கள் போக வேண்டிய இடம் அடுத்த கேள்வியில் இருக்கிறது.

198இல் புகார் எண் வாங்கியும் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்து?

மேல்முறையீடு. எனக்கு வேலை செய்தது இதுதான். ஒவ்வொரு தொலைத்தொடர்பு நிறுவனமும் ஒரு மேல்முறையீட்டு அதிகாரியை வைத்திருக்க வேண்டும், அவருடைய முகவரியை இணையதளத்தில் போட வேண்டும். முகப்பில் தெரியாது. பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும், தேடுங்கள். புகாருக்குப் பதில் வந்த அல்லது பதில் வர வேண்டிய கெடு முடிந்த 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். மின்னஞ்சல் போதும். கட்டணம் எதுவும் இல்லை. 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதை ஆராயும் ஆலோசனைக் குழுவில் நிறுவனத்தின் ஆளோடு நுகர்வோர் அமைப்பைச் சேர்ந்த ஒருவரும் இருப்பார்.

புகார் எண் இல்லாமல் இந்தப் படியில் ஏற முடியாது. முதல் கேள்வியில் நான் அவ்வளவு வலியுறுத்தியது இதனால்தான். ஐந்து முறை பேசியும் என்னிடம் ஓர் எண்கூட இல்லாததால், ஆறாவது முறை அழைத்து எண் வாங்கி, முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. மேல்முறையீடு அனுப்பிய மூன்றாவது வாரம் ஓர் அதிகாரி தானாகவே அழைத்தார். கடிதம் கொடுத்த தேதிக்குப் பிந்தைய பில் முழுவதையும் தள்ளுபடி செய்தார். அதற்கு முந்தைய நான்கு மாதத்துக்குப் பாதியைக் கட்டினேன். அந்தப் பணம் போனது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அதற்கும் மசியவில்லை என்றால் நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா?

போகலாம். "டெலிபோன் வழக்கை அங்கே எடுக்க மாட்டார்கள்" என்று இன்னும் சில வக்கீல்களே சொல்கிறார்கள். 2009இல் உச்ச நீதிமன்றம் அப்படி ஒரு தீர்ப்பு சொன்னது உண்மை. ஆனால் 2022 பிப்ரவரி 16 அன்று, வோடஃபோன் ஐடியா சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில், நுகர்வோர் ஆணையங்களுக்கு இந்தப் புகார்களை விசாரிக்க அதிகாரம் உண்டு என்று அதே நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்துப் பாருங்கள், பல பிரச்சினைகள் அங்கேயே தீர்கின்றன. தீராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், நிறுவனத்தின் தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்குப் போக வேண்டாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். பிரச்சினை தொடங்கிய இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

கலெக்‌ஷன் ஏஜென்ட் மிரட்டுகிறார். பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள். போன் பில் பாக்கி என்பது பணத் தகராறு. அதற்காக போலீஸ் வந்து பிடித்துப் போகாது. என் அம்மாவையும் இப்படித்தான் அழைத்து, "வீட்டுக்கு ஆள் வரும்" என்றார்கள். அப்பா இறந்து மூன்று மாதம்கூட ஆகாத வீட்டில் அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஏஜென்ட்டிடம் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: "தொகையில் தகராறு இருக்கிறது, புகார் எண் இது, எதுவானாலும் எழுத்தில் அனுப்புங்கள்." சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். பணத்தை ஏஜென்ட் சொல்லும் யுபிஐ எண்ணுக்கு ஒருபோதும் அனுப்பாதீர்கள். கட்டுவதாக இருந்தால் நிறுவனத்தின் செயலியிலோ கடையிலோ கட்டி ரசீது வாங்குங்கள்.

என் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்றே தெரியவில்லை.

தொலைத்தொடர்புத் துறை 2023 மே மாதம் தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் எண்ணைக் கொடுத்து ஓடிபி போட்டால் பட்டியல் வரும். தேவையில்லாத எண்ணைத் தேவையில்லை என்றும், நீங்கள் வாங்காததை என்னுடையது இல்லை என்றும் குறிக்கலாம். ஒருவர் பெயரில் தமிழ்நாட்டில் 9 சிம் வரைதான் இருக்கலாம். பழைய சிம்களை அலமாரியில் போட்டு மறந்துவிட்டவர்கள் இதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இறந்தவர் பெயரில் உள்ள இணைப்பை என்ன செய்வது?

"யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் நேரில் வர வேண்டும்" என்று கடையில் என்னிடம் சொன்னார்கள். அவர் இறந்துவிட்டார் என்று சொன்ன பிறகும் அதையே இன்னொரு முறை சொன்னார்கள். இறப்புச் சான்றிதழைக் கவுண்டரில் வைத்து, மேலாளரைக் கூப்பிடச் சொல்லி அழுதுகொண்டே நின்றேன். உங்களுக்கு இப்படி நேர வேண்டாம், அதனால் தயாராகப் போங்கள்.

இறப்புச் சான்றிதழ் நகல்கள் நிறைய எடுத்து வையுங்கள். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் அலுவலகத்திலிருந்து வரும், அதற்கு நாள் பிடிக்கும். ஆகவே அதற்குக் காத்திருக்காமல் இறப்புச் சான்றிதழோடு ரத்துக் கடிதத்தை உடனே கொடுத்துவிடுங்கள், தேதி ஓடத் தொடங்கட்டும். மற்ற காகிதங்களைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

மொபைல் எண்ணை மட்டும் அவசரப்பட்டு ரத்து செய்யாதீர்கள். வங்கி, எல்ஐசி, பென்ஷன் வேலைகள் முடியும் வரை ஓடிபி எல்லாம் அதற்குத்தான் வரும். எண் வேண்டுமென்று குடும்பம் நினைத்தால் பெயர் மாற்றம் கேட்கலாம். வாரிசின் அடையாள ஆவணங்கள், உறவைக் காட்டும் சான்று, தேவைப்பட்டால் மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், இவை போதும். அப்பாவின் எண்ணை அப்படித்தான் அம்மா பெயருக்கு மாற்றி, ப்ரீபெய்டு ஆக்கினோம். ஊரிலிருந்து அவருடைய பழைய நண்பர்கள் தீபாவளிக்கு அந்த எண்ணில்தான் அழைக்கிறார்கள், அம்மா எடுத்துப் பேசுகிறார்.